கலந்து விற்கப்படும் சிக்லிட் மீன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வண்ண மீன் வளர்ப்பைச் சுயதொழிலாகச் செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் தொழிலை மதித்து எழுதியதற்கு நன்றி. ஆனால் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களில் நாலைந்து வகைகளை ஒரே தொட்டியில் விட்டால் புதுப்புது நிறத்தில் குஞ்சு கிடைக்கும், நல்ல விலைக்குப் போகும் என்று அதில் ஒரு யோசனை இருந்தது. கொளத்தூரில் மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி, நானும் என் வீட்டுக்காரரும் இந்த மீன்களைத்தான் வளர்க்கிறோம். அந்த யோசனையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

சிக்லிட் என்ற பெயர் தெரியாதவர்களும் அந்தக் குடும்பத்து மீனைப் பார்த்திருப்பார்கள். ஏஞ்சல், ஆஸ்கர், சந்தையில் விற்கும் ஜிலேபி, கேரளத்துக் கரிமீன் எல்லாம் அதுதான். ஆனால் இந்தக் குடும்பம் கொழித்துப் பெருகியது கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று பெரிய ஏரிகளில். டாங்கனிகாவில் சுமார் 250 இனங்கள், விக்டோரியாவில் சுமார் 500, மலாவியில் அதற்கும் மேல். விக்டோரியா ஏரி ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன்பு வற்றிக் காய்ந்து, பிறகு நிரம்பியது. அப்படியானால் அங்கிருக்கும் இத்தனை இனங்களும் அதற்குப் பிறகு பிரிந்தவை. முதுகெலும்பு உள்ள உயிர்களில் இவ்வளவு வேகம் வேறெங்கும் கண்டதில்லை என்கிறார்கள். பாறையில் பாசி சுரண்டித் தின்பது ஒன்று, நத்தை ஓட்டை நொறுக்குவது ஒன்று, அடுத்த மீனின் குஞ்சை விழுங்குவது ஒன்று. டாங்கனிகாவில் பிற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்னும் ஒரு மீனுக்கு வாயே ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். சிலவற்றுக்கு இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். இரையை மெல்லும் வேலையைத் தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை பார்த்துக்கொள்வதால், முன் தாடை இரைக்குத் தக்கபடி எந்த வடிவத்துக்கும் மாற முடிந்தது.

ஒரே ஏரியில், பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற இவை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருப்பது எப்படி? பெரும்பாலும் பெண் மீனின் கண்ணால்தான். விக்டோரியாவின் தென்கரையில், தான்சானியாவின் முவான்சா வளைகுடாவில் புண்டமிலியா என்ற பேரினத்து மீன்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் ஆண் நீலம். மற்றதன் ஆணுக்கு முதுகெல்லாம் சிவப்பு. அதற்கு அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெண்களோ இரண்டிலும் மங்கல் நிறம். ஆழம் கூடக்கூட அந்தக் கலங்கிய நீரில் நீல ஒளி அடங்கிவிடும், சிவப்பு ஒளிதான் மிஞ்சும். மேலே வாழும் மீனின் கண் நீலத்துக்கும், கீழே வாழ்வதன் கண் சிவப்புக்கும் பழகியிருக்கிறது. ஓலே சீஹவுசன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் தொட்டியில் சோதித்தார்கள். சாதாரண வெளிச்சத்தில் பெண் மீன் தன் இனத்து ஆணையே தேர்ந்தெடுத்தது. நிற வேறுபாடு தெரியாத ஆரஞ்சு வெளிச்சத்தில் அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஏரியில் நீர் அதிகம் கலங்கிப்போன இடங்களில் இனங்களும் குறைவு, நிறங்களும் மங்கல் என்று 1997இல் அவர்கள் எழுதினார்கள். கலப்பில் பிறந்தவை மலடும் அல்ல. அவையும் குஞ்சு பொரிக்கும். வேறுபாடு கரைந்துகொண்டே போகும்.

கட்டுரை சொல்கிற தொட்டியில் நடப்பதும் இதுதான். மலாவி ஏரியின் பீகாக் வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களைப் பிரித்துவிடலாம், பெண்கள் எல்லாம் சாம்பல் கலந்த மண்ணிறம், கை தேர்ந்தவருக்கே தடுமாறும். தன் இனத்து ஆண் இல்லாத தொட்டியில் அடைத்த பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? இந்தத் தாய் முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய மூன்று வாரம் இரையெடுக்காமல், ஒட்டி உலர்ந்து கிடக்கும். அதன் வாயை மெல்லத் திறந்து குஞ்சுகளை வாங்கும்போது, இவை இன்ன ஏரி, இன்ன இனம் என்று எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும். வாங்குகிறவருக்கும் அதைச் சொல்லித்தான் கொடுக்கிறோம்.

கலப்பால்தானே விக்டோரியாவில் அத்தனை இனம் வந்தது என்று தொழிலில் உள்ள ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வெவ்வேறு ஆற்று வழிகளைச் சேர்ந்த இரண்டு மூதாதை மரபுகள் கலந்ததே அந்தப் பெருக்கத்துக்குத் தொடக்கம் என்று 2017இல் மரபணு ஆய்வும் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே நிரம்பி வரும் ஓர் ஏரி இருந்தது. பாறை, சேறு, ஆழம், வெளிச்சம் என்று பிரித்தெடுக்கப் பல இடங்களும் பல்லாயிரம் ஆண்டுகளும் இருந்தன. நம் தொட்டியில் பிரிப்பது வாங்க வருகிறவரின் ஆசை ஒன்றுதான். அப்படி உருவான பிளட் பேரட் என்ற கலப்பு மீனைப் பாருங்கள், பலவற்றுக்கு வாயைச் சரியாக மூடக்கூட முடியாது.

விக்டோரியாவில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகியபோது சிக்லிட்களில் 200 இனங்கள்போலக் காணாமல் போயின. அவற்றில் சில இன்று மீன்காட்சியகங்களிலும் ஆர்வலர்களின் தொட்டிகளிலும் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அந்தத் தொட்டிகளிலும் கலந்துவிட்டால் திரும்ப எடுக்க ஏரியில் எதுவும் கிடையாது.

கலப்பு மீன் விற்பவர்களின் பிழைப்பில் மண் போட நான் எழுதவில்லை. பிளவர்ஹார்னை வாஸ்து மீன் என்று ஆசையாக வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் கலப்பைக் கலப்பு என்று தொட்டியில் எழுதி ஒட்டிவிட்டு விற்க வேண்டும். கலக்காத மீன் என்றால் இனத்தின் பெயரையும் ஏரியின் பெயரையும் எழுத வேண்டும். சுயதொழில் பயிற்சி வகுப்புகளில் இதை முதல் பாடமாகவே வைக்கலாம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஒரு தொட்டிக்கு ஓர் இனம் என்று வைத்து, நிறம் கண்டு ஆண் பெண் பிரிக்கக் கற்றுக்கொண்டாலே போதும், நல்ல ஜோடிக்குத் தேடி வந்து விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்தத் திருத்தத்தையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வண்ண மீன் வளர்ப்பவர்,
கொளத்தூர், சென்னை.