மரம் இல்லாத இடத்தில் ஒரு ஹாமக்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். வாங்கின ஹாமக், அந்தத் துணித் தொங்குபடுக்கை, மூன்று மாதமாகப் பையிலேயே கிடக்கிறது, கட்ட மரம் இல்லை, வாடகை வீட்டுச் சுவரில் துளை போடவும் விடமாட்டார்கள், மாடியில் கொஞ்சம் திறந்த இடம்தான் இருக்கிறது என்றாய். அந்த இடம் போதும். மூன்று கம்புகளைத் தலைப்பக்கம் சேர்த்துக் கட்டி விரித்த முக்காலி இரண்டு, நடுவே ஒரு நீளக் கம்பு, கொஞ்சம் கயிறு. தரையில் ஒரு முளைகூட அடிக்க வேண்டாம்.

முளை ஏன் வேண்டாம் என்பது புரிந்துவிட்டால் மீதியை நீயே கட்டிவிடுவாய். ஹாமக்கில் ஆள் படுத்ததும் அதன் இரண்டு முனையும் உள்பக்கமாக இழுக்கும். வெறும் முக்காலிகளை நிறுத்தினால் இரண்டும் உன் மேலேயே வந்து சாயும். நடுவில் இருக்கும் கம்பு அவற்றின் தலைகளை விலக்கிப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இழுக்கிற விசை முழுவதும் அந்தக் கம்பிலேயே தீர்ந்துபோகும். முக்காலிகளுக்கு மிஞ்சுவது உன் எடைதான், ஒவ்வொன்றுக்கும் பாதி, நேர் கீழாக. அதனால் கால்களை நினைத்துப் பெரிதாகக் கவலைப்படாதே. கவனம் எல்லாம் மேல் கம்பில் இருக்கட்டும்.

நீ வீட்டை விட்டுப் போன வருஷம் நானும் ஒன்று கட்டினேன், உன்னிடம் சொன்னதில்லை. கட்டில் மாதிரி தட்டையாக இருக்கட்டும் என்று கயிற்றை விறைக்க இழுத்துக் கட்டினேன். படுத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தலைக்கு மேலே மூங்கில் வில்லாக வளைவதைப் பார்த்தேன். எழுவதற்குள் கணுவுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளந்து, துணியோடு தரையில் கிடந்தேன். இடுப்பு ஒரு மாதம் வலித்தது. அந்த ஒரு மாதத்தில்தான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

உன் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி இறங்கியிருந்தால், ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 60 கிலோ இழுவை. கம்பை நெருக்குவது சுமார் 52 கிலோ. அதே கயிறு 10 டிகிரிதான் இறங்கியிருக்கிறது என்றால் கயிற்றில் 173 கிலோ, கம்பில் 170 கிலோ! ஆள் அதேதான், துணியும் அதேதான். தொப்பென்று உட்கார்ந்தால் அந்தக் கணத்துக்கு இதுவும் இரண்டு மடங்குக்கு மேலேகூடப் போகலாம். ஆகவே தொய்வாகக் கட்டு. பார்க்க ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கும், விட்டுவிடு. முதுகு நேராக வேண்டுமென்றால் கயிற்றை இறுக்காதே, குறுக்காகப் படு. தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம். துணி தானாகவே தட்டையாகும்.

கம்பு விஷயத்தில் இன்னொன்று. நெருக்கப்படும் நீளக் கம்பு நசுங்கி உடைவதில்லை, பக்கவாட்டில் வளைந்துதான் போகும். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் திறன் நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால் 3 மீட்டருக்கு மேல் போகாதே. அலுமினியக் குழாய் என்றால் 50 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் சுவர்க் கனம் உள்ளதாக எடுத்துக்கொள். கணக்குப்படி அது தேவைக்குப் பல மடங்கு தாங்கும். தூக்கிப்போக வசதியாக ஒரு மீட்டர் துண்டுகள் மூன்றாக வெட்டலாம். ஆனால் துண்டுகளைச் சேர்க்கும் உள்குழாய் இரண்டு பக்கமும் 20 சென்டிமீட்டராவது உள்ளே போகட்டும், ஆட்டமே இல்லாமல். ஆடுகிற இணைப்புதான் முதலில் மடியும்.

முக்காலிக்கு 180 சென்டிமீட்டர் கம்புகள் ஆறு. மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மேல் நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, ஓரக் கம்பில் கயிற்றை முடிந்துகொள். அப்புறம் பாய் முடைகிற மாதிரி ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று ஆறு சுற்று. பிறகு கம்புகளுக்கு இடையிலுள்ள இரண்டு சந்துகளிலும் கயிற்றை விட்டு இரண்டிரண்டு சுற்று இறுக்கி முடி. இங்கே அளவோடு இறுக்கு. ரொம்ப இறுக்கினால் கால்கள் விரியாது. விரிக்கும்போது கயிறு முறுகி 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் சரியான பதம். மேலே உண்டாகிற கவட்டையில் நீளக் கம்பு உட்காரும். ஒரு காலை வெளிப்பக்கம் நீட்டு, இரண்டை அகலவாக்கில் விரி. உள்பக்கம் நீட்டினால் தோளில் இடிக்கும். மாடித் தரை வழுக்கும், அதனால் பாதங்களுக்கு ரப்பர் மூடி போட்டு, மூன்றையும் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடு. மூன்று கால் என்பதால் தரை மேடுபள்ளமாக இருந்தாலும் நொண்டாது.

ஹாமக் கயிற்றைக் கம்பின் நடுப்பக்கமாகக் கட்டாதே, நுனியில் கட்டு. ஆனால் வழவழப்பான குழாயில் அது உள்ளே நழுவும். நுனிக்குப் பக்கத்தில் ஒரு போல்ட் குறுக்கே போட்டு, அதற்கு வெளிப்பக்கம் சுற்று. போல்ட் கவட்டைக்கு உள்பக்கம் இருந்தால் முக்காலியும் உள்ளே சாயாது. நைலான் கயிறு நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் எடு. ஆள் உட்கார்ந்த பிறகும் துணி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. கைப்பிடிச் சுவரிலிருந்தும் நன்றாகத் தள்ளி வை.

கட்டி முடித்ததும் உடனே படுத்துவிடாதே. 20 லிட்டர் தண்ணீர் கேன் நாலை மெதுவாக ஹாமக்கில் வை, 80 கிலோ ஆயிற்று. அரை மணி நேரம் விடு. பிறகு கம்பின் ஒரு நுனியில் கண்ணை வைத்து, இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு, மறுநுனி வரை பார். ஒரு விரல் கனத்துக்கு மேல் வளைந்திருந்தால் இறக்கிவிட்டு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. வளையவில்லை என்றால் பக்கத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கயிற்றுச் சாய்வை நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், அதற்கு அப்புறம் படு.

அன்புடன்,
அப்பா