செயலாளரின் ஆண்டறிக்கை 2024: டெங்கித் தடுப்புப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 13,600க்கும் மேற்பட்டோரை டெங்கிக் காய்ச்சல் தாக்கியது. 20 பேர் உயிரிழந்தனர். 35,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட 2020ஐ நினைத்தால் இது குறைவே. ஆயினும் முந்தைய ஆண்டைவிட எண்ணிக்கை கூடியிருந்ததாலும், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிப்பு என்பதைக் குறிக்கும் சிவப்புப் பதாகை நம் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே தொங்கியதாலும், இவ்வாண்டின் சமூகப் பணியில் பெரும்பகுதியைச் செயற்குழு டெங்கித் தடுப்புக்கே ஒதுக்கியது.

தொடக்கத்தில் துண்டுப் பிரசுரங்களை வீடு வீடாகக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் பலர், படித்தவர் சிலரே. பின்னர் தொண்டூழியர்கள் கொசுப்புழுக்கள் கொண்ட சிறு புட்டியைக் கையோடு எடுத்துச் சென்று காட்டியபோதுதான் கதவுகள் முழுமையாகத் திறந்தன.

பூந்தொட்டித் தட்டு, மணிபிளாண்ட் வளரும் கண்ணாடிக் குவளை, குளியலறை வாளி, துணி காயவைக்கும் மூங்கில் கழியைச் செருகுவதற்காகப் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் சுவரில் உள்ள குழாய் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் நீர் தேங்கியிருந்தது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட நாணயமளவு நீரே போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்களே ஆகும். நீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், பாத்திரத்தின் உட்புற விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டதும் பொரிந்துவிடும் என்பதால், விளிம்பைத் தேய்த்துக் கழுவுவது இன்றியமையாதது. இதை ஊருக்கெல்லாம் சொல்லிவந்த செயலாளரின் வீட்டிலேயே, கறிவேப்பிலைத் தொட்டியின் தட்டில் புழுக்கள் நெளிந்தன என்பதையும் பதிவு செய்வதே நேர்மை.

வொல்பாக்கியா என்னும் பாக்டீரியாவைக் கொண்ட கொசுக்களை விடுவிக்கும் திட்டம் குறித்து, "இருக்கிற கொசு போதாதென்று இன்னும் விடுகிறார்களா?" என்று மூத்தோர் சிலர் சினந்தனர். தேசியச் சுற்றுப்புற வாரியம் விடுவிப்பவை ஆண் கொசுக்கள் என்றும், அவை கடிப்பதில்லை என்றும், அவற்றோடு இணையும் பெண் ஏடிஸ் கொசுக்களின் முட்டைகள் பொரிப்பதில்லை என்றும் விளக்கினோம். அனைவரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல இயலாது.

மருத்துவ விளக்கக் கூட்டத்திற்கு வருகை குறைவு.

டெங்கி பொதுவாக மே முதல் அக்டோபர் வரை மிகும். நாம் ஜூனில்தான் வீட்டு வருகையைத் தொடங்கினோம்; அது தாமதமே. புதிய செயற்குழு ஏப்ரலிலேயே தொடங்கவும், தனித்து வாழும் முதியோரின் வீடுகளில் மூங்கில் கழி செருகும் குழாய்களுக்கு மூடி பொருத்தித் தரவும் பரிந்துரைக்கிறேன். அதற்கான செலவு மதிப்பீட்டைக் கணக்கறிக்கையுடன் பொருளாளர் வாசிப்பார்.