விளக்கைக் கூட்டினால் செல் செத்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் எல்இடி விளக்கு தயாராகிறது. அதைக் கொண்டு உயிருள்ள செல்லைப் படமெடுக்கும் ஒளிர்வு நுண்ணோக்கியை இங்கேயே செய்யலாமே என்று எண்ணும் இளம் பொறியாளர்களுக்குச் சில வார்த்தைகள்.

விளக்கு சுலபமான வேலை. செல்லுக்குள் அடையாளமாகச் சேர்க்கும் பச்சை ஒளிர்வுப் புரதத்தை 488 நானோமீட்டர் அலைநீள நீல ஒளியால் தூண்டினால் 509 நானோமீட்டர் அருகே பச்சையாக மினுங்கும். படம் மங்கினால் விளக்கைக் கூட்டத்தான் கை போகும். தவறே அங்குதான். நீல ஒளி மிஞ்சினால் செல்லுக்குள் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகும். புரதம் வெளிறும், செல் உருண்டு திரண்டு தட்டைவிட்டுக் கழன்றுவிடும். ஒளியைக் குறையுங்கள். பணத்தைக் கேமராவிலும், ஒளியை நன்றாக அள்ளும் லென்சிலும் போடுங்கள்; ஒளியை அள்ளும் திறனைக் காட்டும் என்.ஏ. எண் 1.2க்கு மேல் இருக்கட்டும். கேமரா பதிவு செய்யும் நொடியில் மட்டும் எல்இடி எரிந்தால் போதும்.

அடுத்த தலைவலி, குவியம் நகர்வது. செல்லுக்கு 37 டிகிரி சூடும் 5 விழுக்காடு கரியமில வாயுவும் வேண்டும். ஏர்கோனோ ஓடி ஓடி நிற்கும். உலோகம் ஒரு மைக்ரான் விரிந்தாலே படம் போச்சு. மேடையோடு லென்சையும் சூடாக்குங்கள். இல்லாவிட்டால் லென்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே விடும் எண்ணெய் வழியே லென்ஸ் செல்லின் சூட்டை இழுத்துக்கொள்ளும். படமெடுக்கும் முன் கருவி இரண்டு மணி நேரமாவது சூட்டில் நிற்கட்டும். செல்லுக்கும் லென்சுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மூடுகண்ணாடி 0.17 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கட்டும். செல்லை வளர்க்கும் திரவத்தில் ஃபீனால் சிவப்பு என்னும் சாயம் வேண்டாம், அதுவும் ஒளிரும்.

இரவில் ஏர்கோனை அடைத்துவிட்டுப் போகிறவர்கள், கழற்றிய லென்சை உலர்பெட்டியில் வையுங்கள். பினாங்கு ஈரத்தில் பூஞ்சை கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் தழும்பு போகாது.

வாசகர்,
பினாங்கு