அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அமெரிக்கக் கட்டுரையில், மத்திய அரசு தந்த கொரோனா நிதியை வாரி இறைத்தும் பள்ளிகள் எதையும் சாதிக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஒஹையோவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

2021இல் பள்ளி திறந்தபோது நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், 52இல் 17 போனால் எவ்வளவு என்பதற்கு விரல்களை மேசைக்கு அடியில் மறைத்து எண்ணினான். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) அந்த நிதியில்தான் கணக்குக்கென்று தனியாக ஓர் ஆசிரியையை வைத்தது. ஒரு நேரத்துக்கு நாலே பிள்ளைகள், வாரம் மூன்று நாள். பிப்ரவரியில் அவன் பலகைக்குப் போய்க் கடன் வாங்கிக் கழித்துக் காட்டினான். 2024 செப்டம்பரோடு நிதிக்குக் கெடு முடிந்தது. அந்த ஆசிரியைக்கும் வேலை போனது.

மத்திய அரசின் மூன்று சட்டங்கள் வழியாகப் பள்ளிகளுக்கு வந்தது ஏறத்தாழ 19,000 கோடி டாலர். கடைசிச் சட்டத்தின் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது, விட்டுப்போன படிப்பை மீட்க ஒதுக்கச் சொன்னார்கள். மீதியைச் செலவிடுவதில் டிஸ்ட்ரிக்டுகளுக்கு நிறையச் சுதந்திரம் இருந்தது. அதனால் விஸ்கான்சினில் ஓர் ஊரில் இந்த நிதி வந்ததால் மிச்சமான உள்ளூர்ப் பணம் செயற்கைப் புல் மைதானத்துக்குப் போனது. அதற்குக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் டெட்ராய்ட் நகர டிஸ்ட்ரிக்ட் பல கோடி டாலரைப் பழைய பள்ளிக் கட்டடங்களுக்கு ஒதுக்கியதையும் அதே கணக்கில் சேர்ப்பீர்களா? ஜன்னல் திறக்காத வகுப்பில் செப்டம்பர் வெயிலில் 25 பிள்ளைகளோடு உட்கார்ந்தவள் நான்.

ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள ஊர்களுக்கே பணம் அதிகம் போனது. உங்களுக்குத் தெரியாததல்ல. நம்மவர்கள் பலரும் நல்ல பள்ளியாகப் பார்த்து வசதியான ஊர்களில் வீடு வாங்குகிறவர்கள். அதனால் இது அவர்கள் கண்ணில் படவில்லை. உங்கள் இதழிலும் நம் பிள்ளைகள் ஸ்பெல்லிங் பீ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டி மேடையில் நிற்கும்போது மட்டும்தான் அமெரிக்கப் பள்ளி தெரிகிறது. 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்குமான இலவச மதிய உணவு நின்றபோது மனம் பொறுக்காமல் எழுதினேன். அந்தக் கடிதம் இதழில் வரவே இல்லை.

கட்டுரையில் நிதி முழுவதும் 2021இல் வந்ததாக இருக்கிறது. முதல் சட்டமும் இரண்டாவதும் 2020இல் வந்தவை. அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தையாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல வருட வாசகி, ஒஹையோ