‘ஃபுல் இன்சூரன்ஸ்’ போட்ட குட்டி யானைக்கு பம்பர் காசு ஏன் வரவில்லை?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐ.எம்.டி. 21, ஐ.எம்.டி. 23 (‘இந்திய மோட்டார் டாரிஃப்’ என்ற விதிநூலிலிருந்து வண்டிப் பாலிசியில் சேரும் நிபந்தனைகள்) என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். குட்டி யானையில் காய்கறியும் தண்ணீர் கேனும் ஏற்றிப் பிழைப்பவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

விற்கும்போது பாலிசியின் பெயர் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’. முன்னால் போன லாரியில் வண்டி மோதி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து போன பிறகுதான் விஷயம் தெரிகிறது. சரக்கு வண்டிப் பாலிசியோடு 21 தானாகவே ஒட்டிக்கொண்டு வருகிறது. விளக்கு, டயர், ட்யூப், மட்கார்டு, பானெட், பக்கவாட்டுப் பாகங்கள், பம்பர், அடிபட்ட இடத்துப் பெயின்ட் எதற்கும், வண்டி முழுச்சேதம் ஆனாலொழிய, பணம் கிடையாது. ஊருக்குள் ஓடும் சின்ன வண்டி அடிபடுவதே அங்கேதானே? பம்பரை விட்டுவிட்டு ரேடியேட்டர் மட்டும் நசுங்குகிற மாதிரி மோதிக்கொள்ள எங்கள் டிரைவர்களுக்குப் பழக்கமில்லை.

அந்தப் பாகங்களைத் திரும்பச் சேர்ப்பதுதான் 23. டாரிஃப் கணக்கில் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான கட்டணம்) 15 சதவீதம் கூடுதல்: 6,000 ரூபாய்க்கு 900, வரி தனி. அந்த 900-ஐ எடுத்துவிட்டால் கொட்டேஷன் மலிவாகத் தெரியும். விற்பவர்கள் எடுத்துவிடுகிறார்கள். பிறகு கேட்டால், “தாளில் 23 இல்லை, நீங்கள் பார்த்திருக்க வேண்டாமா?” இல்லாத எண்ணை எப்படிப் பார்ப்பது?

எங்கள் கோரிக்கை ஒன்றே. பாலிசி போடும் முன், ‘23 வேண்டுமா? வேண்டாமென்றால் இந்தப் பாகங்களுக்குப் பணம் வராது’ என்று தமிழில் ஒரு கேள்வி. கீழே வண்டிக்காரரின் கையெழுத்து. ஆன்லைனிலும் அதே கேள்வி, அவரே டிக் போடும்படி.

23 போட்டாலும் பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம் தேய்மானம் போய்விடும். ஏற்றிய தக்காளிக்கு இந்தப் பாலிசி பொறுப்பே இல்லை. அதற்குத் தனியாக வாங்க வேண்டும். இதையும் யாரும் சொல்வதில்லை. சொந்தச் சேதப் பிரீமியத்தை 2007-லேயே நிறுவனங்களின் கையில் விட்டாயிற்று. பாலிசி வாசகம் மட்டும் பலரிடம் 2002 டாரிஃபில் இருந்தபடியே, அதே பொடி எழுத்தில். விலைக்கு விடுதலை, பூதக்கண்ணாடிச் செலவு எங்களுக்கு!

சூடாக எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வியையும் கையெழுத்தையும் கட்டாயமாக்கி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். புதுப்பிக்கும்போதும் அது வேண்டும். போன வருடம் 23 இருந்த பாலிசி, கம்பெனி மாறும்போது சத்தமில்லாமல் அது இல்லாமல் வந்து சேர்கிறது.

பணிவுடன்,
சரக்கு வண்டி க்ளெய்ம் தாள்களோடு மல்லுக்கட்டுபவர்கள்