மூன்று பொற்காசுகளையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கனடாவின் சமூக அறக்கட்டளைகள் வளர்ந்த கதை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் யாரோ எழுதினார்களே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பலர் தரும் நிதியை ஒன்றாகச் சேர்த்து வைத்து, அதன் வருமானத்தை ஊர் நலனுக்குக் கொடுக்கும் இந்தச் சமூக அறக்கட்டளைகள் நாடு முழுக்க இருநூறுக்கும் மேல் இருக்கின்றன என்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் கட்டுரை பெரிய மனிதர்களின் பெயர்களோடு நின்றுவிட்டது. வினிப்பெக்கில் ஒரு வங்கியாளர் ஒரு லட்சம் டொலர் கொடுத்தார், வன்கூவரில் ஒரு மரத் தொழிலதிபர் நண்பர்களைச் சேர்த்தார், 1992இல் எல்லோரும் கூடித் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். இவ்வளவுதான் அதில் இருந்தது. இதெல்லாம் நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு ஏற்பாடு எதற்காகத் தேவைப்பட்டது, அதில் சாதாரண ஆட்களுக்கு என்ன பங்கு என்ற இரண்டையும் விட்டுவிட்டால் கதையே மாறிப்போகிறது.

முதலாவது விஷயத்தை நான் அனுபவத்தில் கண்டவள். எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். பெரியவர் ஒருவர் பல வருடங்களுக்கு முன்னரே ஒரு தொகையை எழுதிவைத்திருந்தார். அதன் வட்டியை ஒவ்வொரு வருடமும் சுருக்கெழுத்திலும் தட்டச்சிலும் முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கவேண்டும் என்று பத்திரத்தில் தெளிவாக இருந்தது. அவர் காலத்தில் அந்தப் படிப்புத்தான் ஒரு பிள்ளைக்கு உடனே வேலை வாங்கித் தந்தது. இப்போது பாடசாலையில் அந்த வகுப்பே இல்லை. கணினி அறைக்குக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னால், பத்திரத்தில் உள்ளதை மாற்ற நாம் யார் என்று கேட்டார்கள். மூன்று கூட்டம் இதே வாக்குவாதம். காசு இன்னும் வங்கியில்தான் கிடக்கிறது. அந்தப் பெரியவர் உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாகக் கணினி வாங்கிக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய கையெழுத்து எங்கள் எல்லோருடைய கையையும் கட்டிப்போட்டிருக்கிறது.

சமூக அறக்கட்டளை என்ற யோசனை பிறந்ததே இந்தச் சிக்கலில் இருந்துதான். அது பிறந்த இடம் கனடா அல்ல, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். ஃபிரெடெரிக் கோஃப் என்பவர் அங்கே வழக்கறிஞராக இருந்து, பிறகு மற்றவர்கள் ஒப்படைக்கும் சொத்துகளை நிர்வகிக்கும் ஒரு பெரிய வங்கிக்குத் தலைவரானார். செத்தவர்கள் விட்டுச்சென்ற தரும நிதிகள், காலம் மாறியபின் யாருக்கும் உதவாமல் கிடப்பதை அவர் கவனித்தார். இதை அப்போதே ‘செத்தவரின் கை’ என்று சொல்லுவார்கள்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினுடைய உயிலே இதற்கு நல்ல உதாரணம். 1790இல் இறந்த அவர் பொஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலைக்கு ஆயிரம் பவுண் எழுதிவைத்தார். தொழில் பழகி முடித்த, கல்யாணமான, 25 வயதுக்கு உட்பட்ட கைவினைஞர்களுக்கு அதிலிருந்து சிறு கடன் கொடுக்கவேண்டும், இருநூறு வருடத்துக்கு இப்படியே நடக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வளவு கூர்மையான மனிதர், ஒரு பட்டறையில் அடங்கித் தொழில் பழகும் முறையே மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. கொஞ்சக் காலத்திலேயே கடன் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. சென்ட் லூயிஸ் நகரத்தின் மேயராக இருந்த பிரையன் முலன்ஃபி, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊருக்கு வந்து சேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவ என்று தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு 1851இல் போய்ச் சேர்ந்தார். அப்புறம் ரயில் வந்தது, வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகிறவர்கள் குறைந்து போனார்கள். நிதி இருந்தது, அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

கோஃப் 1914இல் கிளீவ்லாந்து அறக்கட்டளையைத் தொடங்கியபோது செய்தது எளிமையான காரியம்தான். பலர் தரும் நிதிகளை ஒரே இடத்தில் சேர்த்தார். முதல் தொகையை வங்கி பார்த்துக்கொள்ளும். வருமானத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு சிறு குழு தீர்மானிக்கும். அந்தக் குழுவில் வங்கி நியமிப்பவர்களோடு நகர மேயரும் நீதிபதிகளும் நியமிப்பவர்களும் இருந்தார்கள். கொடுத்தவர் சொன்ன நோக்கம் காலாவதியானால் அதை மாற்றவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் இருந்தது. என் கணக்கில் அறக்கட்டளை வரலாற்றிலேயே பெரிய கண்டுபிடிப்பு இந்தக் கடைசி வரிதான். எங்கள் பெரியவரின் பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லாமல் போனதுதான் எங்கள் பிரச்சினை முழுவதும்.

இந்த யோசனை ஏழு வருடத்தில் எல்லை தாண்டியது. 1921இல் வினிப்பெக் அறக்கட்டளையைத் தொடங்கிய வில்லியம் ஃபோர்ப்ஸ் அலோவே அயர்லாந்தில் பிறந்தவர். 1870இல் ஒரு படையணியோடு மனிற்றோபாவுக்கு வந்து, மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்து, பிறகு சொந்தமாக வங்கி நடத்தியவர். தனக்கு எல்லாவற்றையும் தந்த ஊர் இது, தான் சேர்த்ததில் ஊருக்கும் பங்கு போகவேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். வந்தேறியாக வந்த ஒருவர் பேசிய பேச்சு இது. நாம் இதைக் கொஞ்சம் நின்று கேட்கலாம்.

உங்கள் கட்டுரை விட்டுவிட்ட இடம் இதற்கு அடுத்தது. அந்த அறக்கட்டளைக்கு இரண்டாவது நன்கொடை 1924இல் வந்தது. ஒரு உறை. அதற்குள் ஐந்து டொலர் பொற்காசுகள் மூன்று. அனுப்பியவர் பெயர் இல்லை, உறையின்மேல் ‘விதவையின் காசு’ என்று மட்டும் எழுதியிருந்தது. வேதாகமத்தில், தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையின் கதை நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். அந்தப் பதினைந்து டொலரும் அலோவேயின் ஒரு லட்சமும் ஒரே நிதியில்தான் சேர்ந்தன. முதல் தொகையைத் தொடாமல் வருமானத்தை மட்டும் கொடுப்பதுதான் முறை என்பதால், அந்த மூன்று காசும் நூறு வருடத்துக்குப் பிறகும் இன்றைக்கும் யாருக்கோ எதையோ கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

வன்கூவர் கதையும் இப்படித்தான், ஆனால் உங்கள் கட்டுரையில் அது தலைகீழாக இருந்தது. மரத் தொழிலதிபர் வான்டூசன் நண்பர்களைச் சேர்த்தார் என்று தொடங்கினீர்கள். அதற்கு முன்பு அலிஸ் மக்கே என்ற ஒரு பெண் இருந்தார். அலுவலகச் செயலாளராக வேலை பார்த்தவர். வறுமையில் சிக்கி வெளியே வர வழி தெரியாத பெண்களுக்கு உதவவேண்டும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆயிரம் டொலர் சேர்த்திருந்தார். அந்தக் காலத்தில் ஒரு செயலாளரின் சம்பளத்தில் ஆயிரம் டொலர் மிச்சம் பிடிப்பது என்றால் எத்தனை வருடம், எத்தனை ஆசையை அடக்கியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் வான்டூசனும் நண்பர்களுமாகப் பத்துப் பேர் தலைக்குப் பத்தாயிரம் போட்டார்கள். 1943இல் வன்கூவர் அறக்கட்டளை ஒரு லட்சத்து ஆயிரம் டொலரோடு தொடங்கியது. அந்த ஆயிரம் அலிஸ் மக்கேயுடையது. இன்று அதன் நிதி ஒரு பில்லியனைத் தாண்டிவிட்டது. பெரியவர்களை அசைத்தது ஒரு சம்பளக்காரியின் சேமிப்பு என்பதை ஒரு வரியிலாவது எழுதியிருக்கலாம்.

1992இல் உருவான ‘கொம்யூனிட்டி ஃபவுண்டேஷன்ஸ் ஒஃப் கனடா’ பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அதைத் தலைமையகம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு ஊரின் அறக்கட்டளையும் தனி அமைப்பு. தனி நிர்வாகக் குழு, தனிக் கணக்கு. ஒட்டாவாவில் இருப்பது அவர்களை இணைக்கும் சங்கம், கட்டளை போடும் இடம் அல்ல. அதனால்தான் நல்ல வேலைகள் கீழே இருந்து மேலே போகின்றன. ஊரின் வீட்டு வாடகை, வறுமை, படிப்பு எல்லாவற்றையும் அளந்து பொதுமக்கள் முன்வைக்கும் ‘வைற்றல் சைன்ஸ்’ அறிக்கை 2001இல் ரொறன்ரோவில் தொடங்கியது, பிறகுதான் நாடு முழுவதும் பரவியது. 2020இல் கொரோனா வந்தபோது மத்திய அரசு 350 மில்லியன் டொலர் அவசர நிதியை உள்ளூர் அமைப்புகளிடம் சேர்க்க இந்த வலைப்பின்னலையும் யுனைட்டட் வே என்ற தொண்டு அமைப்பையும் செஞ்சிலுவைச் சங்கத்தையும்தான் நாடியது. ஊருக்கு ஊர் ஆள் இருந்ததால்தான் அது முடிந்தது.

குறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. புதிதாக வந்த சமூகங்களுக்கும் கறுப்பினத்தவர் நடத்தும் அமைப்புகளுக்கும் அறக்கட்டளைப் பணம் மிகச் சிறிதளவே போய்ச் சேர்ந்தது. கறுப்பினச் சமூகங்களுக்கென்று தனி அறக்கட்டளை ஒன்று உருவாகி, 2023இல் மத்திய அரசின் 200 மில்லியன் டொலர் நிரந்தர நிதியைப் பொறுப்பேற்றது இந்த வெற்றிடத்தால்தான். நாமும் இங்கே ரொறன்ரோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் டொலர் சேர்த்துக் காட்டியவர்கள். நிரந்தர நிதி என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ஆனால் ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் இன்னும் ஒரு இரவு விருந்து, ஒரு வசூல், அதோடு சரி.

உங்களிடம் கேட்பது இரண்டு. அலிஸ் மக்கேயையும் அந்தப் பெயர் தெரியாத விதவையையும் பற்றி அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். சங்கங்களில் நிதி எழுதிவைக்க நினைப்பவர்களுக்கு, நோக்கத்தை மாற்றும் அதிகாரத்தைப் பத்திரத்தில் எப்படி எழுதுவது என்று தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கட்டுரை வாங்கி வெளியிடுங்கள். எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வைகாசியில் வருகிறது. அதற்குள் வந்தால் நகல் எடுத்துக்கொண்டு போவேன்.

அன்புடன்,
ஒரு வாசகி
ஸ்காபரோ