அதே மைக்ல சொல்லுங்க: எங்க ஊர்க் கமிட்டிக்கும் பம்புசெட் விவசாயிகளுக்கும் ஒரு திறந்த மடல்

ஊர்க் கமிட்டிப் பெரியவங்களுக்கும், ஆத்தங்கரையோரம் பம்புசெட் வச்சிருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

வைகாசித் திருவிழா அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நாலு மோட்டார் ஷெட்டுல காப்பர் ஒயரை வெட்டி எடுத்துட்டுப் போனாங்க, அதுல ஒண்ணு எங்களோடது. குறுவைக்கு நாத்து விட்டு தண்ணி காட்டிக்கிட்டு இருந்த நேரம், மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்துச்சு, போர் தண்ணிய விட்டா வேற கதி இல்ல. அதனால உங்க கோவம் எனக்கு நல்லாவே தெரியும், எனக்கும் அதே வயித்தெரிச்சல்தான். ஆனா மறுநாள் சாயங்காலம் கோயில் வாசல்ல கூட்டம் போட்டு, திருவிழாவுக்கு கட்டுன அதே மைக்ல, நமக்கெல்லாம் தண்ணி பாய்ச்சுற அந்த அண்ணன் பேரைச் சொல்லி, இவர்தான் திருடுனார், இனிமே இவரை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாதுன்னு முடிவு பண்ணீங்களே, அதைப் பத்திதான் இந்த மடல். அவர் பேரை நான் இங்க எழுதல. ஊர் பூரா கேக்குற மாதிரி அந்தப் பேரை ஒருதரம் நாறடிச்சது போதும்.

அன்னைக்கு நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "நீ உக்காரும்மா, பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல"ன்னு சொன்னீங்க. உக்காந்துட்டேன். இப்ப எழுதுறேன், எழுத்துல யாரும் உக்காருன்னு சொல்ல முடியாது.

எனக்கு இந்தக் கேள்வி கேக்குற பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சில பேரு கேட்டீங்க, மறைக்க ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்ப ஒரு டேப்லெட்ல பழைய அமெரிக்க டிவி சீரியல் ஒண்ணு ஏத்திக் குடுத்துட்டுப் போனார், கொலம்போன்னு பேரு, கொலையைத் துப்பறியுற ஒரு போலீஸ்காரர் கதை. 1968ல முதல் படம் வந்து, 1971லேர்ந்து தொடரா ஓடி, நடுவுல நிறுத்தி, மறுபடி ஆரம்பிச்சு 2003 வரைக்கும் வந்துருக்கு, மொத்தம் 69 கதை. ராத்திரி வேலையெல்லாம் முடிச்சுட்டு சப்டைட்டிலைப் படிச்சுப் படிச்சுப் பார்ப்பேன், பார்த்ததையே திரும்பவும் பார்ப்பேன். கொலம்போவா நடிச்சவர் பீட்டர் ஃபால்க்னு ஒரு நடிகர், சின்ன வயசுலயே நோய் வந்து வலது கண்ண எடுத்துட்டாங்க, அது கண்ணாடிக் கண்ணு. கசங்கிப்போன ஒரு மழைக்கோட்டு, அது கூட அந்த நடிகரோட சொந்தக் கோட்டுதானாம். எப்ப நிக்கும்னு தெரியாத ஒரு பழைய பிஜோ காரு. துப்பாக்கியை நீட்டி யாரையும் மிரட்டுறதில்ல, கன்னத்துல அறைஞ்சு உண்மையை வாங்குறதுமில்ல. பெரிய பெரிய பங்களாவுக்குள்ள போவார், அங்க இருக்குறவங்க இவரை வாசக் கூட்டுறவர் மாதிரிதான் பார்ப்பாங்க, இவரு அதைக் கண்டுக்காம மரியாதையா நாலு கேள்வி கேட்டுட்டு, வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி, சார் இன்னும் ஒரே ஒரு விஷயம்னு ஆரம்பிப்பார். அந்த ஒரு விஷயத்துலதான் எதிராளி மாட்டுவான்.

அந்த சீரியல்ல முக்காவாசி கதையில கொலைகாரன் யாருன்னு நமக்கு ஆரம்பத்துலயே காட்டிருவாங்க, எப்படிப் பிடிக்கிறார்ங்கிறதுதான் கதையே. அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒண்ணு மனசுல பதிஞ்சு போச்சு. தப்பு பண்ணவங்க பெரும்பாலும் காசு உள்ளவங்க, படிச்சவங்க, ஊரே கையெடுத்துக் கும்பிடுற ஆளுங்க. வீட்டு வேலைக்காரரையோ டிரைவரையோ பிடிச்சு உள்ள வச்சுட்டு கேஸ் முடிஞ்சுதுன்னு கொலம்போ வீட்டுக்குப் போனதே இல்ல. அவங்ககிட்ட உக்காந்து பேசுவார், அவங்க சொல்றதக் காது குடுத்துக் கேப்பார். நம்ம ஊர்ல ஒரு பொருள் காணாமப் போனா முதல்ல நம்ம கண்ணு எந்தத் தெருப் பக்கம் போவுதுன்னு உங்க மனசத் தொட்டு நீங்களே சொல்லுங்க.

இப்ப அன்னைக்கு நான் கேக்க வந்ததைக் கேக்குறேன்.

அவர் மேல நீங்க சொன்ன ஆதாரம் ரெண்டு. ஒண்ணு, அன்னைக்கு ராத்திரி மோட்டார் ஷெட்டுப் பக்கம் டார்ச் லைட் வெளிச்சம் தெரிஞ்சுது. ரெண்டாவது, அவர் பொண்ணு கையில புது செல்போன் இருக்கு.

டார்ச்ச முதல்ல பேசுவோம். அந்த வாரம் நமக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி முறையில வந்துச்சு, மோட்டார் போடச் சொல்லி அவரை வயலுக்கு அனுப்புனதே நாமதான். கூலி பேசி ராத்திரி வயலுக்கு அனுப்பிட்டு, ராத்திரி வயல்ல நின்னான்னு குத்தம் சொன்னா அதுக்கு என்னங்க அர்த்தம்? வெளிச்சத்தப் பார்த்ததா சொன்னவரும் வெளிச்சத்தத்தான் பார்த்தேன்னார், ஆளைப் பார்த்தேன்னு சொல்லல, அதை யாரும் கவனிக்கல. 1975ல வந்த ஒரு கொலம்போ கதையில, கொலைகாரன் கார்ல தப்பிச்சுப் போறப்ப வாசல் கேட் பக்கத்துல ஒருத்தர் மேல இடிக்காத குறையாப் போவான், அவரு கண்ணு தெரியாதவர். கொலம்போ பின்னாடி அவரோட அண்ணன் தம்பில கண்ணு நல்லாத் தெரியுற ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்தி இவர்தான் உன்னைப் பார்த்த சாட்சின்னு சொல்ல, அவன் அவசரப்பட்டு இந்த ஆளுக்குக் கண்ணே தெரியாதேன்னு சொல்லி அந்த இடத்துல தான் இருந்ததைத் தானே காட்டிக் குடுத்துருவான். சாட்சி என்ன பார்த்தாங்க, எதைப் பார்க்க முடிஞ்சுதுங்கிறதுக்கு அந்த மனுஷன் அவ்ளோ மெனக்கெடுறார். நாம ஒரு வெளிச்சத்துக்கு ஒரு பேரை ஒட்டிட்டோம்.

இன்னும் ஒரு விஷயம். மறுநாள் காலையில நான் போய்ப் பார்த்தப்ப எங்க நாத்தங்கால் நெறைஞ்சு கெடந்துச்சு. அப்படின்னா கரண்ட் முறை முடியுற வரைக்கும் மோட்டார் ஓடியிருக்கு, ஓடுற மோட்டார்ல எவனும் ஒயர வெட்ட மாட்டான். நாலு ஷெட்டும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். அப்ப திருட்டு நடந்தது கரண்ட் போனதுக்கு அப்புறம். கரண்ட் போனதுக்கு அப்புறம் அந்த அண்ணன் எங்க இருந்தார்? கோயில் திடல்ல வள்ளி திருமணம் நாடகம் பார்த்துக்கிட்டு இருந்தார். நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்ல நீங்களே போட்ட வீடியோவுல, விடியற நேரத்துல, தலையில துண்டக் கட்டிக்கிட்டு முன்னாடி உக்காந்திருக்கார். இதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நான் சொல்ல வரல. இது ஒரு கேள்வி. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நாலு ஷெட்டு ஒயர்னா எவ்ளோ கனம்? அவர்கிட்ட இருக்குறது ஒரு பழைய சைக்கிள். ஆத்தங்கரை மண்ணுல டயர் தடம் இருந்துச்சான்னு யாராவது பார்த்தோமா? எட்டு மணிக்குள்ள எல்லாரும் பைக்கை ஓட்டிக்கிட்டுப் போய் வேடிக்கை பார்த்து இருந்த தடத்தையும் அழிச்சோம். மெயின் ரோட்டுல உரக்கடை வாசல்ல கேமரா இருக்கு, அந்தப் பதிவு கொஞ்ச நாள்தான் இருக்கும், பழசு மேல புதுசு ஏறி அழிஞ்சு போயிரும். கேட்டு வாங்கினோமா? உருக்குன காப்பரை எடைக்கு எடுக்குற பழைய இரும்புக் கடையில விசாரிச்சோமா? 1973ல வந்த கதை ஒண்ணுல ஒரு பெரிய ஒயின் தோட்டக்காரர், தன் தம்பியை ஒயின் கிடங்குல அடைச்சு ஏசியை அணைச்சுட்டு ஊருக்குப் போயிருவார். அந்த வாரம் வெயில் எப்படி அடிச்சுதுன்னு கொலம்போ தேடிப் பார்த்து, அந்த வெக்கையில கிடங்குல இருந்த ஒயின் கெட்டுப் போயிருக்கும்னு கண்டுபிடிச்சு, அந்த ஒயினையே அவருக்குப் பரிமாற வச்சு அவர் வாயாலயே கெட்டுப் போச்சுன்னு சொல்ல வைப்பார். வெயிலக் கூட விசாரிச்ச மனுஷன். அந்தக் கொலைகாரனையும் கடைசியில கார்ல உக்கார வச்சு மரியாதையா ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்துதான் கூட்டிட்டுப் போவார். குத்தம் நிரூபணமான ஆளுக்கே அந்த மரியாதை.

செல்போன் விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கு. அதோட அம்மா மகளிர் குழுவுல லோன் எடுத்து வாங்கிக் குடுத்த போன் அது, நோட்டுல தேதியோட பதிவு இருக்கு, திருட்டுக்கு முன்னாடி தேதி. நான் அந்த வீட்டுக்குப் போய் என் கண்ணால பார்த்தேன். உங்கள்ல ஒருத்தர் அந்தப் படியேறிக் கேட்டிருந்தாலும் காட்டியிருப்பாங்க.

இப்ப அவர் நிலைமை என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? குறுவை நடவு ஓடுற இந்த நேரத்துலதான் அந்தக் குடும்பத்துக்கு நாலு காசு வரும். அவரைத்தான் கூப்பிடக் கூடாதுன்னீங்க, அவர் சம்சாரம் அந்தக்காவையும் நடவு ஆளுல சேக்குறதில்ல. அவர் விடியக்காலம் பஸ் ஏறி தஞ்சாவூர்ல ஒரு கட்டட வேலைக்குப் போறார், திரும்பி வர்றது கடைசி பஸ்ல. மெயின் ரோட்டுலேர்ந்து அவர் வீட்டுக்கு வாய்க்கா வரப்பு வழியாத்தான் வரணும், பாதி தூரம் நம்ம மோட்டார் ஷெட்டுங்க பக்கம். டார்ச்சு பையில இருக்கு, அடிக்கிறதில்ல. வெளிச்சம் தெரிஞ்சா மறுபடி நான்தான்னு சொல்லுவாங்கன்னு இருட்டுலயே தடவித் தடவி வர்றார். மேட்டூர் திறந்து கல்லணை தாண்டி வெண்ணாத்துல தண்ணி வந்து, வாய்க்காலெல்லாம் நெறைஞ்சு, பொந்துல இருந்ததெல்லாம் வரப்புல ஏறிக் கெடக்குற காலம் இது. கண்ணாடி விரியன் கடிச்சு நம்ம ஊர்ல போன உசுரு எத்தனைன்னு பெரியவங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும். அந்தப் பொண்ணு தினம் ராத்திரி வாசல்ல நின்னு, "அப்பா, கிட்ட வந்துட்டியா"ன்னு இருட்டப் பார்த்துக் கூப்பிடுது. ஒரு மனுஷன் தன் வீட்டுக்குப் போற வழியில லைட் அடிக்கப் பயப்படுறார்னா, அந்த பயத்தக் குடுத்தது நம்ம மைக்.

அதனாலதான் திரும்பவும் கேக்குறேன், எந்த மைக்ல சொன்னீங்களோ அதே மைக்ல, ஆதாரம் இல்லாம சொல்லிட்டோம்னு சொல்லுங்க.

சட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை. ஒருத்தர் போலீஸ்கிட்டயே திருடுனேன்னு ஒத்துக்கிட்டாலும் அந்த வாக்குமூலத்த மட்டும் வச்சு கோர்ட்டு தண்டனை குடுக்காது, அது ஆதாரமாவே செல்லாது. அடிச்சும் மிரட்டியும் வாங்கிருவாங்கன்னுதான் அப்படி வச்சிருக்காங்க. 2024 ஜூலை 1லேர்ந்து புது சட்டங்க வந்தப்பவும் அது மாறல. நம்ம கூட்டத்துல அவர் தலையக் குனிஞ்சு பேசாம நின்னார், அதையே ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டோம். அத்தனை பேரு சுத்தி நின்னு கத்துனா யாருக்கு நாக்கு எழும்பும்? ஸ்டேஷன்ல இதுவரைக்கும் யாரும் எழுதியே குடுக்கல. எழுதிக் குடுத்தா புகாரை வாங்கிக்கிட்டதுக்கு சி.எஸ்.ஆர்.ங்கிற ரசீது கிடைக்கும், எஃப்.ஐ.ஆர். போட்டா புகார் குடுத்தவங்களுக்கு ஒரு காப்பி இலவசமாவே தரணும். என் பங்குக்கு நான் எழுதி வச்சிருக்கேன், மத்த மூணு பேரும் கையெழுத்துப் போட வாங்க.

மனசுல இருக்குறதச் சொல்லிடுறேன், கோச்சுக்காதீங்க. அறுத்த நெல்லு மழையில நனைஞ்சு முளைச்சுக் கெடந்தப்ப, நெல்லை எடுத்துக்க மூட்டைக்கு இவ்ளோன்னு லஞ்சக் காசு வாங்குனவங்க யாருன்னு நமக்குத் தெரியும், கையில குடுத்ததே நாமதான். ஆத்து மணலை ராத்திரியோட ராத்திரியா அள்ளுன லாரி யாரோடதுன்னும் தெரியும், அதுனால போர் தண்ணி கீழ போனதும் தெரியும். கொலம்போ கதை மாதிரி ஆரம்பத்துலயே ஆளு தெரிஞ்ச விஷயம் இதெல்லாம். அவங்க பேரை ஒருநாளாவது அந்த மைக்ல சொல்லியிருக்கோமா? பேரைச் சொன்னா திருப்பி அடிக்க முடியாத ஆளாப் பார்த்துதான் நமக்கு தைரியம் வருது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குது, கோவத்துல.

சரி, பெரியவங்ககிட்ட பேசுறேன்ங்கிறதை மறக்கல. உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. எங்க மாமனார் தவறுனப்ப ராத்திரி பூரா கூட நின்னது நீங்கதான், வீட்டுக்காரர் இல்லாம நான் விவசாயம் பார்க்குறதும் உங்க ஒத்தாசையிலதான். அந்த உரிமையிலதான் பணிவாக் கேக்குறேன்.

வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல கூட்டம் இருக்கு. அன்னைக்கு மைக்கப் போட்டு அவர் பேரைச் சொல்லி, அவர் மேல சொன்னதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லுங்க. வேலைக்குக் கூப்பிடக் கூடாதுன்னு போட்ட முடிவ எடுத்துருங்க. உரக்கடை கேமராவுல ஏதாவது மிச்சம் இருக்கான்னு கேட்டுப் பார்க்க ரெண்டு பேரை அனுப்புங்க, அதுல ஒருத்தரா நான் வர்றேன். நிஜமா திருடுனவன் மாட்டட்டும், அது யாரா இருந்தாலும் முதல் ஆளா நான் வந்து சாட்சி சொல்றேன்.

எங்க கொல்லையில ஞாயித்துக்கிழமை நடவு. அந்த அண்ணனையும் அக்காவையும் வரச் சொல்லியாச்சு. கூடாதுன்னு சொல்றவங்க வயலுக்கே வந்து என்கிட்ட நேராச் சொல்லுங்க, அவர்கிட்ட போய் ஒண்ணும் பேச வேணாம்.

இப்படிக்கு,
ஆத்தங்கரை மூணாவது ஷெட்டுக்காரி